மேடத்துக்குத் துணையிருந்தவள்

ஐஸ் ட்ரேயில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிரிப்பதற்கு ட்ரேயைச் சமையல் மேடையில் தட்ட வேண்டிவரும்; பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கும். முக்கால் அளவு ஊற்றினால் கையால் லேசாக முறுக்கும்போதே கழன்று வந்துவிடும். நீங்கள் வந்ததும் வராததுமாக ஃப்ரிட்ஜைத் திறந்து, "இவ்வளவு ஐஸ் எதுக்குங்க?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். ஐஸ் என் பொறுப்பு. இப்போது யாருக்கும் தேவையில்லை என்றாலும் கை சும்மா இருப்பதில்லை, தினமும் ஊற்றி வைத்துவிடுகிறேன்.

உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. எழுதுகிற பெண்ணும் உட்காரட்டும். அந்த நாற்காலி ஆடும், இதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டாம், நானே வரிசையாகச் சொல்கிறேன்.

நான் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இளமைக் காலம் முழுவதும் ஊரார் பேசிக்கொள்வதற்குக் கம்பி மாட்டிக் கொடுத்தேன். "லைன் வந்திருச்சு, பேசுங்க" என்று சொல்லிவிட்டு நான் விலகிக்கொள்ள வேண்டும். அதுதான் உத்தியோகம். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்காதீர்கள். வந்த வரன்கள் போயின, அவ்வளவுதான். ஓய்வு பெற்றதும் தம்பி என்னை இங்கே அழைத்துக்கொண்டான். அவன் கப்பலில் என்ஜினியர், வருடத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில் இருப்பான். அவன் மனைவிக்குக் கட்டட நிறுவனம் ஒன்றில் பெரிய பதவி. அங்கே எல்லோரும் அவளை மேடம் என்பார்கள். கேலிக்கு நானும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அவர்களுடைய ஒரே மகள் படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். ஆக, இந்தப் பெரிய வீட்டில் மேடமும் நானும். காலையில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் கழுவ சிட்டு வருவாள். சிட்டு என்பது அவள் பெயரில்லை. குட்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் பறந்துகொண்டே இருப்பாள் என்று தெருவே வைத்தது.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள். தோப்புக்குள் கொண்டுவந்து நட்டாலும் தனிமரம் தனிமரம்தான் என்பதை இந்த வீட்டில் முதல் வருடம் தெரிந்துகொண்டேன். மேடம் காலையில் போனால் மாலையில் வருவாள். "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன். கதவைச் சாத்திக்கொள்வாள். அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. டிவியில் செய்தி வாசிக்கிறவள் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொல்லியிருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், பரவாயில்லை.

ஒரு மாலை தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனபோது மேடம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் உடையை மாற்றவில்லை. கையில் எவர்சில்வர் டம்ளர். காபி குடிக்கிற டம்ளர்தானே, யார் சந்தேகப்படப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். மூக்குக்கு டம்ளர் எது என்ற கணக்கெல்லாம் கிடையாது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை.

"அண்ணி, அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? தரை சில்லுனு இருக்கு, நாற்காலில வந்து உக்காரு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். திட்டுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறாள். பிறகு பேச ஆரம்பித்தாள். "ஆபீஸ்ல பெரிய பெரிய ஆளுங்களோட சாப்பாடுன்னா மேசையில எல்லாரும் குடிப்பாங்க அண்ணி. நான் மட்டும் ஜூஸ் வெச்சுக்கிட்டு உக்காந்தா, பச்சப்புள்ளைய எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்கங்கற மாதிரி ஒரு பார்வை. குடிச்சா அதுக்கு வேற ஒரு பார்வை. எந்தப் பார்வையில வேலை நடக்குதுன்னு பாத்தேன்." அப்புறம் அது மேசையை விட்டு அவளோடு வீட்டுக்கு வந்ததைச் சொன்னாள். மகள் போன வெறுமையைச் சொன்னாள். தம்பி போனில் பேசும்போது அவனுக்குப் பின்னால் கேட்கும் என்ஜின் சத்தத்தைப் பற்றிக்கூடச் சொன்னாள். கடைசியில் என் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். ஒரு மனுஷியின் தலை இவ்வளவு கனமாக, இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கால் மரத்துப்போனது. நான் நகரவில்லை.

மறுநாளிலிருந்து அவள் தரையில் உட்கார வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி டம்ளர், ஐஸ், வறுத்த கடலை எல்லாம் பால்கனியில் தயாராக இருக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் குடலைத் தின்றுவிடும் என்று ஏதாவது செய்து வைப்பேன். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பெண்கள் குடிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குடிக்கிறவள் தனியாகக் குடிக்கக்கூடாது. முதல் டம்ளரில் ஆபீஸ் கதை வரும். இரண்டாவதில் சிரிப்பு வரும், என் தம்பியைப் போல நடித்துக் காட்டுவாள், எனக்கு வயிறு வலிக்கும். அதற்குப் பிறகு அழுகை. அழும்போது, "அண்ணி, நீங்க இல்லேன்னா நான் செத்துருவேன்" என்பாள். என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. காலையில் அதே மேடம் முகம் கழுவி, சென்ட் அடித்துக்கொண்டு, "வர்றேன் அண்ணி" என்று என்னைப் பார்க்காமலே போவாள். பகலில் அவள் கம்பெனிக்குச் சொந்தம், மாலையில் எனக்கு. இந்த ஏற்பாட்டில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தம்பி கப்பலிலிருந்து கொண்டுவந்து அடுக்கிய பாட்டில்கள் தீர்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. மேடம் கடைக்குப் போக முடியாது, பதவி போய்விடும். நான் போக முடியாது, மானம் போய்விடும். சிட்டு போனாள். அவளுக்குப் போவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது என்று பிறகு தெரிந்தது.

சிட்டு மதியத்துக்கு மேல் கட்டட வேலையில் செங்கல் சுமப்பாள். இடுப்பு வலிக்கு எப்போதாவது கூட்டாளிகளோடு ஒரு வாய் குடிப்பவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடை வாசலில் நின்று வாங்கியதில்லை. எங்களுக்காகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆண்கள் நிற்கிற வரிசையில் நின்றாள். பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் கள் என்பார்கள். இவள் பையில் பாட்டிலோடு தெருவில் நடந்து வந்தாள். யாருக்கு என்று வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன், திறக்கவும் இல்லை. வாங்கி வருகிறவளுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவது பாவம் என்று, மேடம் மிச்சம் வைத்ததை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைப்பேன். "வேணாம் பெரியம்மா" என்றாள் முதலில். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். பிறகு அவளே மூடியைத் திறந்து அளவு பார்க்க ஆரம்பித்தாள்.

ஒரே பாட்டில்தான் இன்ஸ்பெக்டர் அம்மா. மேலே பாதியை மேடம் குடித்தாள், அடியில் இருந்ததைச் சிட்டு குடித்தாள். இருவருக்கும் முகம் ஊதியது. இருவருக்கும் காலையில் கை நடுங்கியது. மேடத்தின் கை நடுக்கத்துக்கு வேலைப்பளு என்று பெயர் வைத்து கம்பெனி ஓய்வு கொடுத்தது. கூட வேலை செய்கிறவர்கள் பூங்கொத்து அனுப்பினார்கள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர் ஈரலில் கொழுப்பு என்றார், அவரும் குடிப்பீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு அல்லவா. எண்ணெயைக் குறைக்கச் சொன்னார், நானும் குறைத்தேன். சிட்டுவின் கை நடுக்கத்துக்குத் தெருவில் வேறு பெயர் இருந்தது. ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"பெத்த பொண்ணே பேரப்புள்ளைய தூக்க விடமாட்டேங்குது பெரியம்மா. குடிகாரி கையில குழந்தைய குடுக்கலாமான்னு மாப்பிள்ளை கேக்குறாராம். அந்த ஆளு குடிக்காத நாளு எது சொல்லுங்க? அவரு குடிச்சா அலுப்பு, நான் குடிச்சா அசிங்கம்."

"நீ கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றேன். அன்றைய பாட்டிலை எப்போதும்போலக் கதவோரம் வைத்தேன்.

நடுத்தரத்தில் இருக்கிறவர்கள் கதை தனி. இணைப்பகத்தில் எங்களுக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் அம்மா கைப்பையில் இருமல் மருந்து என்று ஒன்று வைத்திருப்பார். இருமி நான் பார்த்ததில்லை. ஒரு நாள் லைனில் பேசிக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்து இவரும் பேச ஆரம்பித்துவிட்டார். வீட்டார் வந்து அழைத்துப் போய், புத்தி பேதலித்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லி அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். குடிகாரி என்பதைவிடப் பைத்தியம் என்பது கௌரவமாகப் பட்டிருக்கிறது. அவரைப் பார்க்க நான் போகவில்லை. போயிருக்கலாம்.

இப்போது சிட்டு விழுந்த கதைக்கு வருகிறேன். அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள், ஆனாலும் என் வாயாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலை துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில் வாளியோடு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்னவோ சொல்ல வந்தாள், வார்த்தை குழறியது. ஆட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மனசாட்சி இல்லாதவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. அங்கே நர்ஸ் குனிந்து முகர்ந்து பார்த்தாள். சிட்டு முந்தின நாள் கட்டட வேலைக்குப் போட்ட சட்டையிலேயே வந்திருந்தாள், அதில் வாசனை இருந்தது.

"குடிச்சிருக்காங்களாம்மா?"

அன்று அவள் குடிக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பாட்டில் இன்னும் என்னிடம்தான் இருந்தது. ஆனால் குடிக்கவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும், எங்கே குடிப்பாள், யார் கொடுப்பார்கள் என்று நூல் பிடித்து வீட்டுப் படியேறிவிடுவார்கள். "வழக்கம்தான்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. இன்று என்று நான் சொல்லவில்லையே. "தெளியட்டும்" என்று நடைபாதை ஓரத்தில் படுக்க வைத்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு டாக்டர் தற்செயலாகப் பார்த்து, இது பக்கவாதம், காலையிலேயே ஏன் பார்க்கவில்லை என்று கத்தினார். நான் அப்போது வீட்டில் இருந்தேன். மேடம் வருகிற நேரம்.

சிட்டுவின் வலது கை போயிற்று. பேச்சு குழறலாகிவிட்டது. அதைக் கேட்கிறவர்கள் இன்னும் குடித்திருக்கிறாள் என்றே நினைக்கிறார்கள். விழுந்த நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுத் தொடவில்லை என்று நான் உறுதி சொல்கிறேன்.

மேடம் சிட்டுவைப் பார்க்கப் போய்வந்தாள். வந்ததும் பால்கனிக்கு வரவில்லை. அறைக்குள்ளும் போகவில்லை. கூடத்தில் நின்றபடி, "அண்ணி, எனக்கும் அதுதான ஆகும்?" என்றாள். நான் எவ்வளவோ சமாதானம் சொன்னேன். கேட்கவில்லை. அடுத்த வாரமே தெரிந்தவர்கள் யாரும் வராத ஒரு பெண் டாக்டரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். ஆண் குடிக்கிற அதே அளவைப் பெண் குடித்தாலும் பெண் உடம்பு சீக்கிரம் கெடும் என்றார். பிறகு, முக்கியமாக இதைக் கேளுங்கள் என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இவங்களுக்கு உடம்பு பழகிடுச்சு. திடீர்னு நிறுத்திடக்கூடாது. நிறுத்தினா நடுக்கம் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. இந்த மாத்திரையோட மெல்லக் குறைக்கணும். கூட ஒரு ஆள் பாத்துக்கணும்." நான் தலையாட்டினேன். வெளியே வந்ததும் மேடம் மாத்திரைப் பையை என் கையில் கொடுத்தாள். "நீங்களே வேளாவேளைக்குக் குடுங்க அண்ணி. என்னை நான் நம்பமாட்டேன்."

கொடுத்தேன். மாத்திரை வேலை செய்தது. அதுதான் கஷ்டம். மேடம் இருட்டுவதற்குள் தூங்கிப்போனாள். எழுந்தால் கணக்காகப் பேசினாள். முகத்தில் வீக்கம் வடிந்தது. மகளோடு போனில் சிரித்துப் பேசினாள். அந்தச் சிரிப்பு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது, முன்பு அது பால்கனியில் எனக்கு எதிரில் இருந்தது. கடலையை வறுத்து வைத்துக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். மறுபடியும் "சாப்பிட்டீங்களா அண்ணி?", மறுபடியும் "ஆச்சும்மா". டிவியில் அந்தப் பெண் வணக்கம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. குடியை விட்டவள் குடும்பத்துக்குத் திரும்புகிறாள் என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அந்தக் குடும்பத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அதனால் பழச்சாற்றில் கொஞ்சம் கலந்தேன். மூடி அளவுதான். திராட்சைச் சாறு, வாசனை தெரியாது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். நாக்குக்குத் தெரியாவிட்டாலும் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அந்த வார முடிவில் அவளே வந்து பால்கனியில் உட்கார்ந்தாள், தலையைத் தொங்கப்போட்டபடி. "முடியல அண்ணி. எனக்கு மனசுல தெம்பே இல்ல. என்ன ஜென்மமோ" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஐஸ் கொண்டுவந்தேன். அன்று என் மடியில் வெகுநேரம் அழுதாள். பழைய நாட்கள் திரும்பி வந்த நிம்மதியில் நான் நன்றாகத் தூங்கினேன்.

சில மாதம் கழித்து மறுபடியும் முயன்றாள். மறுபடியும் பழச்சாறு. இந்த முறை அவள் அந்தப் பெண் டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டாள், எந்த முகத்தோடு போவது என்று. கடைக்கு யார் போனார்கள் என்று கேட்கிறீர்களா? நானே போனேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஒருவன் திரும்பிப் பார்த்து, "பாட்டிக்கு இந்த வயசுல ஆசையைப் பாரு" என்றான். சிட்டு தினமும் கேட்டது இதைத்தான் என்று புரிந்தது. மானம் போகும் என்று பயந்திருந்தேன். போனது, ஆனால் வெறும் வீட்டைவிட அது எவ்வளவோ தேவலை.

அப்புறம்தான் மகள் போன் செய்தாள். அவளுக்குக் குடி விஷயம் எதுவும் தெரியாது. "அம்மா, வேலைய விட்டுட்டு எங்கூட வந்து இரு. பெரிய வீடா எடுத்திருக்கேன்" என்றாள். மேடம் போனை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"அண்ணி, அவ கூட்டிட்டுப் போக அடுத்த வாரம் வர்றா. அதுக்குள்ள நான் சுத்தமா விட்டுடணும். குடிகாரியா அவ வீட்டுக்குள்ள நுழையமாட்டேன். இந்தத் தடவை சத்தியம்."

"நான்?" என்றேன்.

"நீங்க இந்த வீட்டைப் பாத்துக்கோங்க அண்ணி. அப்பப்ப வந்து பாக்கறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

அன்றே இருந்த பாட்டிலையெல்லாம் தொட்டியில் கொட்டினாள். பிறகு கேட்டாள், "அந்த மாத்திரை மிச்சம் இருக்கா அண்ணி?" மாத்திரை என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. "தீந்துபோச்சேம்மா. அந்த டாக்டர்கிட்ட போய் சீட்டு எழுதி வாங்கணும்" என்றேன். அவள் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். "வேணாம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடறேன்" என்றாள்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தப்பாக எழுதிவிடக்கூடாது. அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. நடுக்கம் தாங்காமல் என்னிடம் வருவாள், ஒரு வாய் கொடுங்கள் என்று கேட்பாள், கொடுத்துவிடலாம் என்று ஒரு பாட்டிலைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். ஐஸும் தயார். அவள் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியது, பிறகு உடம்பு முழுவதும். சுவரில் எறும்பு ஊர்கிறது என்றாள். எறும்பு இல்லை. படுக்கையை உதறினாள், வியர்வையில் நனைந்தாள். "ஏதாவது வேணுமா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "வேணாம் அண்ணி, வேணாம்" என்றாள். அவ்வளவு பிடிவாதம் அவளிடம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவள் கேட்கவில்லை.

பட்டப்பகலில் வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவள் நான்தான். பெரிய ஆஸ்பத்திரி. பளபளவென்ற தரை. யாரும் குனிந்து முகர்ந்து பார்க்கவில்லை, நடைபாதையில் போடவில்லை. ஓடி ஓடிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் டாக்டர், நம் எழுதுகிற பெண் வயதுதான் இருக்கும், என்னைத் தனியே அழைத்தாள்.

"இவங்களுக்குக் குடிப்பழக்கம் உண்டாம்மா? சமீபத்துல நிறுத்தினாங்களா?"

"இல்ல டாக்டர்."

"தப்பா நினைக்காதீங்க. சொன்னா உடனே அதுக்குண்டான மருந்து குடுத்துடுவேன். யார்கிட்டயும் போகாது."

"எங்க வீட்டுல அந்த வழக்கமெல்லாம் இல்லம்மா."

அவள் சரியான கேள்வியைத்தான் கேட்டாள். பிறகும் ஒரு தடவை வந்து கேட்டாள். கடலிலிருந்த தம்பியிடமும் போனில் கேட்டார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்ததைச் சொன்னான். மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று அந்தப் பக்கம் போய்விட்டார்கள். வலிப்புக்கு ஏதோ கொடுத்தார்கள், எதனால் வந்தது என்று தெரியாமல் கொடுத்தது போதவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? சிட்டு மேல் குடிகாரி என்ற அந்த ஒரு வார்த்தை விழுந்ததில் அவள் கை போனதைப் பார்த்தவள் நான். மேடத்தின் மேல் அது விழ விடமாட்டேன் என்று நினைத்தேன். அவளுடைய மானத்தைக் காப்பாற்றினேன். இந்தப் பதிலைத்தான் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன், இவ்வளவு நாளும் அது போதுமானதாக இருந்தது. ஆனால் நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை அவளுக்குச் சிறிது நேரம் நினைவு தெளிந்தது. கட்டிலில் கையைக் கட்டியிருந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்து, "அண்ணி" என்றாள். "டாக்டர்கிட்ட சொல்லிடுங்க அண்ணி. நான் குடிப்பேன்னு சொல்லிடுங்க. மானம் போனா போகுது. நான் புள்ளைகிட்ட போகணும்." தெளிவாகத்தான் சொன்னாள், ஒரு குழறல் இல்லை. அந்தச் சின்ன டாக்டர் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சொல்றாங்க?" என்றாள்.

"பிதற்றுறாம்மா" என்றேன். "காலையிலருந்து இப்படித்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். டாக்டரைச் சொல்லவில்லை, மேடத்தைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மகள் வந்து சேர்ந்தபோது முடிந்துவிட்டிருந்தது.

உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். பிழைத்திருந்தால் அடுத்த வாரம் பெட்டியோடு கிளம்பியிருப்பாள். எங்கோ உயிரோடு, எனக்கு இல்லாமல் இருந்திருப்பாள். இரண்டில் எது எனக்குத் தாங்கும் என்று அந்தத் திரைக்குப் பக்கத்தில் நின்று யோசித்தேன், பதற்றமில்லாமல் யோசித்தேன். யோசித்துத்தான் சொன்னேன். சிட்டு குழறிக் குழறி உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தச் சின்ன டாக்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்களாமே, அவள் மேல் தப்பே இல்லை, திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழச்சாறு நான். மாத்திரை நான். "இல்ல டாக்டர்" என்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

கிளம்பலாம், மாற்றுப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். தனி அறையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பெண்கள் சிறைக்குக் குடிப்பழக்கத்தோடு வருகிறவர்கள் நிறைய என்றும், முதல் சில நாள் கை கால் நடுங்கி ரொம்பக் கஷ்டப்படுவார்கள் என்றும் கேள்விப்பட்டேன். பாவம், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டாமா? என்னை அவர்களோடு வையுங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா, எனக்கு நன்றாகப் பார்த்துக்கொள்ளத் தெரியும்.